வலப்பக்க வழி

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. போனில் பேசினால் நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன், பாதியில் யாராவது வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம்.

மீட்புக் குழு நேற்று கிளம்பிவிட்டது. பதினொரு நாள் தேடினார்கள், குறை சொல்ல முடியாது. இடம் அப்படி. எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை இரண்டு பக்கமும் பென்சில்களை நிறுத்தி அடுக்கியது போல செங்குத்தாக நிற்கிறது. நடுவில் ஆறு. அத்தானின் கயாக் படகு இடப்பக்கம் சரிந்து கிடக்கும் பாறைகளுக்கு அடியில் செருகியிருக்கிறது. அதன் சிவப்பு முனை எப்போதாவது தெரிகிறது. அத்தானும் அதற்குள்தான் இருக்கிறார் என்கிறார்கள். ஜூன் தொடக்கத்தில் மேலே அணையில் பழுது பார்க்க மதகை மூடுவார்களாம். தண்ணீர் இறங்கினால்தான் எடுக்க முடியும்.

அதுவரை இங்கேயே இருக்கிறேன். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. பகலில் கடைக்காரருக்குக் கூடமாட வேலை செய்கிறேன். அத்தானைத் தனியாக விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

இத்தனை கவனமான மனிதர் எப்படித் தவறினார் என்று கேட்டாய். யானைக்கும் அடி சறுக்கும் அக்கா. வேறென்ன சொல்ல? வேளைக்குச் சாப்பிடு. குட்டிப் பெண் வாலுவுக்கு என் முத்தம்.

உன் தம்பி

மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். எக்ஸ்ரே அறை அப்படியேதான் இருக்கிறது. "மூச்ச இழுத்துப் பிடிச்சுக்குங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்ல வேண்டும். இப்போது அந்த வார்த்தை வாயில் வரவில்லை. கையால் சைகை காட்டிச் சமாளிக்கிறேன்.

யானை, அடி, சறுக்கல் எல்லாம் வேண்டாம். சுவரில் ஓர் ஆணி அடிக்க மூன்று முறை நாடா பிடித்து அளக்கிற சர்வேயர் அவர். மனசு வேறெங்கோ இருந்திருந்தால்தான் தவறியிருப்பார். அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அன்று காலை போன் செய்தார். வாலுவுக்குக் காய்ச்சல், எனக்குக் கோபம். "போனா போன இடம், வந்தா வந்த இடம். அந்த ஆத்தையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

நான்தானடா அவரைக் கொன்றேன்.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

அப்படியெல்லாம் நினைக்காதே. போனை வைத்ததும் அத்தான் சிரித்தார். "உங்க அக்கா இன்னைக்கு மிளகாயக் கடிச்சிருக்கா மச்சான்" என்றார். தெளிவாகத்தான் இருந்தார். உன் பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. என்னை நம்பு.

உன் தம்பி

ஏப்ரல் 11

தம்பிக்கு,

ஆறுதலுக்குச் சொல்கிறாய். போன வாரம் ஒருவருக்கு வலது கைக்குப் பதில் இடது கையைப் படமெடுத்துவிட்டேன். பெரிய டாக்டர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். மாத்திரை போட்டாலும் தூக்கமில்லை. வாலு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். இப்படியே எத்தனை நாள் ஓடும் என்று தெரியவில்லை.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

யானைக்கு அடி சறுக்கவில்லை.

அந்த இடத்தில் ஒரு பெரிய பாறையைச் சுற்றி ஆறு இரண்டாகப் பிரிகிறது. நான் முதலில் வலப்பக்கமாக இறங்கினேன். படகின் அடியில் ஏதோ பலமாக இடித்தது, எப்படியோ தப்பிக் கீழே வந்து திரும்பிப் பார்த்தேன். அத்தான் மேலே பாறையைப் பிடித்துக்கொண்டு என் சைகைக்குக் காத்திருந்தார். அங்கே காதருகே கத்தினாலும் கேட்காது, எல்லாம் துடுப்பால் காட்டுவதுதான். அதற்கு ஒரு விதி உண்டு. போக வேண்டிய பக்கத்தை மட்டும் காட்ட வேண்டும், ஆபத்தான பக்கத்தை ஒருபோதும் காட்டக் கூடாது. படகில் ஏறும் முன் ஒவ்வொரு முறையும் இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வோம். அன்றும் சொன்னோம்.

இடப்பக்கம் புதிதாகப் பாறை சரிந்து வழியை அடைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே. எனக்குக் கை ஓடியது. "ஐயோ, அங்க வராதீங்க அத்தான்" என்று கத்திக்கொண்டே துடுப்பை அந்த இடப்பக்கமே நீட்டிவிட்டேன். அவர் தன் துடுப்பை ஒருமுறை உயர்த்தினார். புரிந்தது மச்சான் என்று அர்த்தம். பிறகு நான் காட்டிய பக்கமே வந்தார்.

போலீஸிடம் அவர் நிலைதடுமாறினார் என்று சொன்னேன். இன்று காலை போய் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னிடமும் மறைத்தேன், பயம் அக்கா. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் நீ உன் வாயைப் பழித்துக்கொண்டிருப்பதை இதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

தம்பி

மே 6

தம்பி,

கடிதம் வந்து பத்து நாளாகிறது. படித்த அன்று எட்டு மணி நேரம் தூங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"எங்க வலிக்குது?" என்று கேட்டால் எல்லோரும் வலிக்கிற இடத்தைத்தான் விரல் நீட்டிக் காட்டுகிறார்கள். நன்றாக இருக்கும் இடத்தை யாரும் காட்டுவதில்லை. அதனால் உன் கை ஏன் அப்படிப் போனது என்று எனக்குப் புரிகிறது. புரிவது வேறு, பொறுப்பது வேறு. வாலுவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்கிற கை அது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வலப்பக்கத்தில் ஏதோ இடித்தது என்று எழுதியிருக்கிறாய். அவர் உன்னைவிட இருபது கிலோ அதிகம். அங்கேயும் பிழைத்திருக்க மாட்டாரோ என்னவோ. தண்ணீர் இறங்கியதும் நீயே போய்ப் பார். எந்தப் பக்கம் காட்டியிருந்தாலும் விதி முடிந்ததுதான் என்றால், அவரோடு நீயும் வண்டியில் ஏறி வந்துவிடு, உனக்கும் சேர்த்து உலை வைக்கிறேன். அந்தப் பக்கம் வழி இருந்தது என்றால் அவரை மட்டும் அனுப்பு. நீ வராதே. எழுதவும் வேண்டாம்.

அக்கா

ஜூன் 7

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்.

திங்கட்கிழமை மதகை மூடினார்கள். மறுநாள் மதியம் அத்தானை எடுத்தோம், நானும் கயிறு பிடித்தேன். தலைக்கவசத்தின் வார் கழலாமல் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக் காரியங்கள் நேற்று முடிந்தன.

எல்லோரும் போன பிறகு வலப்பக்கம் போனேன். அன்று என் படகில் இடித்தது ஒரு கல், முழங்கால் உயரம். மேலிருந்து கீழ்வரை நடந்து பார்த்தேன். நம்ப மனமில்லாமல் அத்தானைப் போலவே மூன்று முறை நாடா பிடித்து அளந்தேன். மூன்று முறையும் வழி பன்னிரண்டு அடி அகலம். அடியில் மணல்.

உன்னிடம் வேறு மாதிரிச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று வண்டி வரை போனேன். பை கூட கையில் இருந்தது.

ஓட்டுநருக்கு வீட்டு வழியைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், கையால் காட்டவில்லை. இந்தக் கடிதமும் அவரிடம்தான். இதைப் பிரிப்பதற்கு முன்பே நீ முன் சீட்டை எட்டிப் பார்த்திருப்பாய். ஓட்டுநர் மட்டும்தான் இருப்பார்.