அப்பா வெள்ளையடித்த உன் பாலம்

அன்பு மகள் சய்காலுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும், புதிதாக ஈன்ற செம்மறிகளும் சுகம். உனக்கு இருமல் விட்டதா என்பதை முதலில் எழுது.

"நான் வரைந்த முதல் பாலமே விரிசல் விட்டுவிட்டது, இனி இந்த வேலையே வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவாய், அதனால்தான் கடிதம். பனி உருகும் முன்பே சாலைப் பொறியாளர் வந்து விரிசல்களை அளந்து, குறுக்கே ஜிப்சம் பட்டைகள் ஒட்டிவிட்டுப் போனார், லாரிகள் போய்ப் போய் விரிசல் வளர்ந்தால் பட்டை உடையுமாம், அப்புறம் பாரவண்டிகளை விடமாட்டார்களாம். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, நவ்ரூஸ் புத்தாண்டு வந்ததும் மரம், வேலி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் வெள்ளையடிக்கிற ஆர்வத்தில் ஆட்களோடு பாலத்துக்கு அடியிலும் போய், ஏதோ அசிங்கமாக ஒட்டியிருக்கிறதென்று பட்டைகளைச் சுரண்டி எறிந்துவிட்டு, விட்டத்துக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டார். கேட்டதும் அவரை நன்றாகத் திட்டினேன். பக்கத்து வீட்டு லாரிக்காரன் எசென்கான் வேறு, "உங்க பொண்ணு பாலம் கட்டுனாளா, பீங்கான் தட்டு வாங்கி வெச்சாளா? கான்கிரீட்டு ரொம்பக் கெட்டியா இருந்தா பட்டுனு உடையுமாமே அக்கா" என்றான்.

போன வாரம் பொறியாளர் திரும்பி வந்தார். அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். பொறியாளர் திட்டவில்லை, சிரித்தார். "சோதனைக்கூடத்துல நாங்களே வெள்ளையடிச்சுத்தான் அண்ணே பார்ப்போம், மயிரிழை விரிசல்கூட வெள்ளையில பளிச்சுனு தெரியும்" என்றார். பிறகு ஜல்லி லாரிகளை முழுப் பாரத்தோடு திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். நானும் அடியில் நின்று பார்த்தேன், லாரி வந்தால் கோடு துளி திறக்கிறது, போனதும் மூடிக்கொள்கிறது. இரண்டு மாதமாக இத்தனை ஜல்லி போயும் வெள்ளையில் புதுக் கோடு ஒன்றுகூட இல்லை, பழையது நீளவும் இல்லை. "ஆரம்பத்துல பாரம் ஏறி ஏறிக் கொஞ்சம் வளரும், அப்புறம் உள்ள இருக்கிற கம்பி புடிச்சுக்கும். இது புடிச்சுக்கிச்சு, லாரி போகட்டும்" என்றார். இதையேதான் நீயும் எனக்குச் சொன்னாய், சொன்ன நீயே நம்பவில்லை என்பதுதான் என் கோபம். பீன்ஸ் அறுவடை முடிந்ததும் மறுபடி வந்து பார்ப்பாராம், பார்க்கட்டும்.

எசென்கான் இத்தனை நாளும் பாலம் வந்ததும் மனைவியை இறக்கிவிட்டு, அவள் பின்னால் நடந்து வர, தான் மட்டும் ஓட்டிக்கொண்டு போவான். நேற்று அவளோடு பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நிற்காமல் போனான்.

வேலையை விடுவதாக எழுதி வைத்திருக்கும் தாளைக் கிழித்துப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு. உன் தலைக்குமேல் வானம் எப்போதும் தெளிந்திருக்கட்டும்.

பால் கேனோடு தினமும் உன் பாலத்தில் போய்வரும்
அம்மா சோன்பூபூ