கேபிள் சரியாகத்தான் இருக்கிறது

மார்ச் 4

கணக்குப் பிரிவின் பிரிண்டர் மறுபடியும் தாளை மென்றுவிட்டது. போய்ப் பார்த்தால், முன்பக்கமாக இழுத்திருக்கிறார்கள். பின்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, அதைத் திறந்து இழுத்தால் தாள் முழுதாக வரும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். முன்பக்கம் இழுத்தால் கிழியும். கிழிந்த துண்டு உள்ளேயே தங்கும். அடுத்த வாரச் சண்டைக்கு அதுதான் விதை.

"நாங்க ஒண்ணுமே பண்ணலை சார், தானாப் போச்சு" என்றார் தலைமைக் கணக்கர்.

இந்த அலுவலகத்தில் எல்லாம் தானாகத்தான் போகிறது. தானாக வந்ததாக ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

என் மனைவிக்கும் அதே பிரிவில்தான் மேஜை. நான் தரையில் மண்டியிட்டு இடுக்கியால் அந்தத் துண்டைத் துழாவிக்கொண்டிருந்தபோது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அலுவலகத்தில் நாங்கள் அப்படித்தான். வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

மார்ச் 6

அண்ணன் போன் செய்தான். "தம்பி, நல்லா இருக்கியா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"என்ன கெட்டுப்போச்சு, சொல்லு" என்றேன்.

"எப்படிடா கண்டுபிடிச்ச!"

அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் ஒருநாள்கூட இந்தச் சௌக்கிய விசாரணை கிடையாது. இப்போது லேப்டாப் ஆமையாக நகர்ந்தால் தம்பி ஞாபகம் வந்துவிடுகிறது. கடைசியாக எப்போது அணைத்தாய் என்று கேட்டேன். தினமும் அணைக்கிறானாம். எப்படி? மூடியை மூடி. மூடியை மூடினால் அணைத்ததாகுமா? கண்ணை மூடிக்கொண்டு கிடப்பவன் எல்லாம் தூங்குகிறானா? முழுசாக அணைத்துப் போடச் சொன்னேன். குதிரை மாதிரி ஓடுகிறதாம். "நீ பெரிய ஆளுடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நான் எப்படி இருக்கிறேன் என்ற கேள்விக்கு என் பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது.

மார்ச் 11

கார்பன் கூப்பிட்டான்.

கார்பன் என்றால் எங்கள் பொது மேலாளர். பெயர் நான் வைத்தது. முதுகலை இயற்பியலில் அவனும் நானும் ஒரே பெஞ்ச். நான் எழுதிய குறிப்புகளை வரி பிசகாமல் நகலெடுத்துப் படித்துத் தேறியவன். அவனுக்கு என்னைவிட மதிப்பெண் அதிகம். அதெப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இப்போது அவன் கண்ணாடி அறையில் இருக்கிறான், நான் படிக்கட்டுக்குக் கீழே சர்வர் பெட்டியும் நானுமாக இருக்கிறேன்.

"உக்காருடா" என்றான். "உன் மண்டைல இருக்கறதையெல்லாம் ஒரு இடத்துல எழுதி வையேன். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணா என்ன செய்யணும், பிரிண்டர் நின்னா என்ன செய்யணும், அந்த மாதிரி. சும்மா, எல்லாருக்கும் புரியற மாதிரி. நாளைக்கு நீ லீவு போட்டா நாங்க முழிக்கக் கூடாதில்ல?"

"நான் லீவே போடறதில்லையே."

"அதான்டா சொல்றேன்" என்று சிரித்தான்.

அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 13

எழுத ஆரம்பித்தேன். இன்று எழுதியவை:

கடவுச்சொல் ஏற்கவில்லை என்றால் முதலில் கோபப்பட வேண்டாம். பெரிய எழுத்துப் பொத்தானின் விளக்கு எரிகிறதா என்று பார்க்கவும். பாதி நேரம் குற்றவாளி அதுதான்.

திரையில் ஏதாவது செய்தி வந்தால் மூடிவிடாமல் போனில் படம் எடுத்துக்கொள்ளவும். "என்னமோ வந்துச்சு, மூடிட்டேன்" என்பது வைத்தியரிடம் போய் "எங்கேயோ வலிச்சுது, மறந்துட்டேன்" என்பது போன்றது.

கோப்பின் நகலை அதே கணினியில் வைப்பது காப்பு ஆகாது. மாற்றுச் சாவியை அதே பையில் போட்டுவைத்துப் பையைத் தொலைப்பவர்கள் உண்டு.

படித்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. இவ்வளவு வருடங்களாக வாயால் கத்தியதைத் தாளில் பார்க்கும்போது எனக்கே கொஞ்சம் மரியாதை வருகிறது.

மார்ச் 15

இன்றும் எழுதினேன். கை நிற்கவில்லை. ஏதோ சந்தோஷம் மாதிரி இருக்கிறது. நம்பத் தகாதது.

மார்ச் 19

நம்பத் தகாதது என்று எழுதியிருந்தேன் அல்லவா.

இன்று கழுத்தில் அட்டை தொங்க இருவர் என் அறைக்குள் வந்தார்கள். வெளிக் கம்பெனிக்காரர்கள். சர்வரைப் படம் எடுத்தார்கள், வயர்களைப் படம் எடுத்தார்கள். "இந்த டேபிள் ஃபேன் எதுக்கு சார்?" என்றான் ஒருவன். மத்தியானத்தில் சர்வர் சூடாகும், அதற்காக என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபேனையும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இனி கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவர்களாம். ஒரு போன் நம்பர் தருவார்களாம். யாருக்கு என்ன கோளாறு என்றாலும் அந்த நம்பர். அங்கே யாரோ உட்கார்ந்து பார்த்துப் படிப்பார்கள். எதைப் பார்த்து? நான் எழுதிக்கொண்டிருக்கிறேனே, அதைப் பார்த்து.

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

அடுத்த துண்டை எடுத்து உதறினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். தெரியுமா?"

"ஒப்பந்தம் எங்க செக்‌ஷன் வழியாத்தானே போகணும். தெரியும்."

"எவ்வளவு நாளா?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கினாங்கங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"நான் வெளியாளா?"

அவள் என் சட்டையை மடித்துத் தனியாக வைத்தாள். எதற்கு இந்த மடிப்பெல்லாம், இனி எங்கே போகப் போகிறேன் என்று வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டேன். முழுங்கி முழுங்கித்தான் இந்த வயிறு.

மார்ச் 20

தவறாக எழுதிக் கொடுத்தால் என்ன?

காலையில் உட்கார்ந்து ஒன்று எழுதிப் பார்த்தேன். தாள் சிக்கினால் முன்பக்கமாக வேகமாக இழுக்கவும். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் ஐந்து சொல் வாக்கியம். எவனோ ஒருவன் அதைப் படித்துவிட்டு இழுப்பான். பல்சக்கரம் உடையும். "அந்த மனுஷன் எழுதினதுப்பா" என்பார்கள்.

அழித்துவிட்டுச் சரியாக எழுதினேன். நல்லவன் என்பதால் இல்லை. தப்பாக எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். பரீட்சையில் கார்பனுக்குத் தப்பான விடையைக் காட்டியிருந்தால் இன்று இந்தக் கதையே இல்லை. அப்போதும் கை வரவில்லை.

மார்ச் 22

கேபிள் விஷயத்தை மட்டும் எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். அது என் சொத்து. யாரும் சொல்லித் தந்ததில்லை.

நெட் வரவில்லை என்று போன் வரும். "கேபிள் சரியா மாட்டியிருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கு" என்பார்கள். ஒருவர்கூட எழுந்து பார்த்திருக்க மாட்டார்கள். குனிந்து பார்ப்பது அவமானம். கேள்வி கேட்டதே அவமானம், நாம் என்ன முட்டாளா என்று. ஆகவே நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். "கேபிள் முனைல தூசி படிஞ்சிருக்கும், கழட்டித் துடைச்சு மாட்டுங்க" என்பேன். தூசி யார்மேலும் குற்றம் சுமத்தாது. கழற்றுவார்கள், துடைப்பார்கள், மாட்டுவார்கள். சரியாகிவிடும். தூசியும் இருக்காது ஒன்றும் இருக்காது, கழன்றுதான் கிடந்திருக்கும். "பாத்தீங்களா, எவ்வளவு தூசி!" என்று அவர்களே சொல்வார்கள்.

இது இல்லாமல் படித்துப் பார்த்தேன். பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. முதல் குறிப்பாகவே சேர்த்துவிட்டேன்:

"கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றி, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்து, டக் என்று சத்தம் வரும்வரை செருகவும். அவசரம் வேண்டாம். இயந்திரமும் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்."

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. இருக்கட்டும்.

மார்ச் 28

கொடுத்துவிட்டேன். கார்பன் நின்றபடியே புரட்டினான். இடையில் ஒருமுறை சிரித்தான், சாவி-பை இடத்தில் என்று நினைக்கிறேன். அறையில் வெளிக் கம்பெனிக்காரர்கள் இருந்தார்கள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு சார்" என்றான் கார்பன்.

சார்.

கல்லூரி மரத்தடியிலிருந்து இன்று காலைவரை 'டேய்'. திட்டும்போதும் டேய், என் கல்யாணத்தில் கட்டிப்பிடித்தபோதும் டேய். அவன் 'டா' போடுகிறானே என்று எத்தனை நாள் மனதுக்குள் கருவியிருக்கிறேன். அதுதான் என்னை அங்கே பிடித்துவைத்திருந்த கடைசி ஆணி என்று இன்று தெரிந்தது.

ஏப்ரல் 30

கடைசி நாள். சாவியைக் கொடுத்தேன். கேக் வெட்டினார்கள். எனக்கு ஒரு வயர் இல்லாத மவுஸ் பரிசு. வாழ்நாள் முழுக்க வயரோடு மல்லுக்கட்டியவனுக்கு. பேட்டரி தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

"நீங்க இல்லாம நாங்க என்ன சார் பண்ணப்போறோம்!" என்றார் தலைமைக் கணக்கர். கண்கூடக் கலங்கியிருந்தது. கேக்கைத் தின்றுகொண்டேதான் சொன்னார்.

படிக்கட்டுக்குக் கீழே ஒருமுறை எட்டிப் பார்த்தேன். ஃபேனை எடுத்துவிட்டிருந்தார்கள்.

மே 6

மத்தியான வெயில் தாங்க முடியவில்லை. ஃபேன் இல்லாமல் அந்தச் சர்வர் இன்று நிச்சயம் படுத்திருக்கும். போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன். குளிக்கப் போனபோதுகூடக் குளியலறை ஜன்னலில்.

மனைவி வந்ததும் கேட்டேன். "இன்னிக்கு ஏதாவது கெட்டுச்சா?"

"சர்வரா? அதை மாத்திட்டாங்களே. போன வாரமே புதுசு வந்துடுச்சு."

மே 14

"இன்னிக்கு ஏதாவது?"

"பிரிண்டர் நின்னுச்சு. போன் பண்ணோம். பின்பக்கக் கதவைத் திறக்கச் சொன்னாங்க. சரியாயிடுச்சு."

பின்பக்கக் கதவு. நான் சொன்னபோது இவர்களுக்கெல்லாம் காதில் என்ன இருந்தது?

மே 17

வேலைக்கு விண்ணப்பிக்கும் பக்கங்களில் பிறந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். கீழே உருட்டுகிறேன், உருட்டுகிறேன், வந்துகொண்டே இருக்கிறது. இன்று பாதியில் நிறுத்திவிட்டேன்.

மே 21

அண்ணன் போன் செய்தான். "தம்பி, நல்லா இருக்கியா?"

"என்ன கெட்டுப்போச்சு?"

"ஒண்ணும் கெடலைடா. சும்மாதான் பண்ணேன்."

வெகுநேரம் பேசினான். முட்டிவலி, அண்ணியின் சமையல், பக்கத்து வீட்டு நாய். அவன் வீட்டில் ஒரு பொருள்கூடப் பழுதாகவில்லை. விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

ஜூன் 10

ஒன்றுமில்லை.

ஜூன் 28

மாதக் கடைசி. அவளுக்குக் கணக்கு முடிக்கும் வேலை, வீட்டிலிருந்தே செய்யச் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் அலுவலக லேப்டாப்பை வைத்து, மூலையிலிருக்கும் நெட் பெட்டியிலிருந்து கேபிளை இழுத்து மாட்டியிருந்தாள். பத்து மணி வாக்கில் முணுமுணுக்க ஆரம்பித்தாள். நெட் வரவில்லை. சாயங்காலத்துக்குள் முடிக்காவிட்டால் கார்பன் கத்துவான்.

நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன். அவள் கை தன்னையறியாமல் லேப்டாப்பின் மேல் போயிற்று.

"இல்லைங்க... இது ஆபீஸ் மெஷின். வெளியாள் யாரும் தொடக் கூடாதுன்னு..." அங்கேயே நிறுத்திவிட்டாள். சொல்லிவிட்டோமே என்று அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

"நான் எங்கே தொட்டேன்" என்று உட்கார்ந்தேன்.

"கேபிள் மட்டும் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்களேன்."

"பாத்தேன். சரியாத்தான் இருக்கு."

பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து அந்த மூலைப் பக்கம் தலையைத் திருப்பினேன், அவ்வளவுதான்.

அவள் அந்த நம்பருக்குப் போட்டாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். சின்ன வயசுக் குரல், பார்த்துப் படிக்கும் குரல்.

"மேடம், கேபிளோட ரெண்டு முனையையும் கழட்டி, துணியால ஒரு தடவை துடைச்சு, டக்குனு சத்தம் வர வரைக்கும் செருகுங்க. அவசரம் வேண்டாம் மேடம். மெஷினும் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

எழுந்து போய் மூலையில் குனிந்தாள். நெட் பெட்டிக்குப் பின்னால் கேபிள் கழன்று தரையில் கிடந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே இப்போது தெரிந்தது. அவள் சமையலறைத் துணியை எடுத்து வந்து, அவசரமில்லாமல், சின்னக் குழந்தையின் மூக்கைத் துடைப்பது போல் முனையைத் துடைத்தாள். டக்.

"வந்துடுச்சும்மா" என்றாள் போனில். "எவ்வளவு தூசி!"

அங்கே தூசி இல்லை என்பது இந்த அறையில் இருவருக்கும் தெரியும்.

"சந்தோஷம் மேடம். எங்க சேவைக்கு அஞ்சுக்கு எவ்வளவு மார்க் கொடுப்பீங்க?"

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு போடட்டும்?"

"மூணு."

"ஏங்க, பாவம், நல்லாத்தானே சொன்னா."

"ஒரு வார்த்தையை விட்டுட்டா. காய்ந்த துணின்னு இருக்கு. ஈரத் துணியால துடைச்சா என்ன ஆகும்?"

அவள் கையிலிருந்த துணியை விரலால் தொட்டுப் பார்த்தாள். நன்றாக, இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சுதான் இருக்கு" என்று என்னிடம் சொன்னாள். பிறகு போனில், "அஞ்சு போட்டுக்கோம்மா."