ஹாப்ஸ் பூத் தலையணை

ஆனைக்கரை,
1957 ஆவணி.

என் தாயிக்கு அய்யா எழுதுவது.

கம்பம் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரு தலையணை கொடுத்தனுப்பியிருக்கிறேன். காலியான தொட்டிலை அவிழ்த்ததிலிருந்து நீ தூங்குவதே இல்லை என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார்.

உள்ளே இருப்பது பீருக்குப் போடுகிற ஹாப்ஸ் பூ. இதைத் தலையணையில் அடைத்துப் படுத்தால் தூக்கம் வருமென்று சொல்லி, சீமைக்குப் போன எஸ்டேட் துரைசாணி கொடுத்த வேரைக் கொல்லையில் நட்டிருந்தேனே, அந்தக் கொடிதான். கூரை ஏறியதே தவிரப் பூக்கவில்லை. "உங்களை மாதிரிதான், வளர்த்தி மட்டும்" என்பாள் உன் அம்மா. இந்த வருஷம் கொஞ்சம் பூத்தது. பறித்து ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் காயவைத்தால் இரண்டு கைப்பிடி தேறியது. பெரிய வெள்ளாமைச் சம்சாரி நான்!

தையல் கோணலென்று சிரிக்காதே, இரண்டு தரம் தைத்தது. முதலில் பூ இருந்த அளவுக்குத்தான் தைத்தேன். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, "இத்தனூண்டு தலையணை யாருக்குங்க?" என்றாள். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

பிரித்துவிட்டேன். நிறைய இலவம்பஞ்சு கலந்து, பெரிய ஆள் தலைக்கு ஆகிற மாதிரி தைத்திருக்கிறேன். பூ வாசம் தெரியுமோ என்னவோ. தூக்கம் வராவிட்டால் அய்யாவைத் திட்டிக்கொண்டாவது படுத்திரு.

வேறொன்றும் செய்யத் தெரியாத
உன் அய்யா