இறுக்கிக் கட்டிய நாடா

ஒக்டோபர் 12, ஞாயிறு

பெரியபிள்ளையாகிவிட்ட மகளின் சாமத்திய வீட்டு அல்பத்துக்கு இன்று லொங்கேய் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் படம் எடுத்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் பத்திரிகையில் வந்த ஃபாஷன் ஓவியம் ஒன்றை நான்தான் தேடிப் பிடித்து, அதே மாதிரிக் கவுனை வாடகைக்கு எடுத்திருந்தேன். ஓவியத்துப் பெண்ணுக்கு இடை ஒரு பிடிதான். அப்படி ஓர் இடை எவளுக்கு இருந்திருக்கும் என்று யோசிக்காமல், முதுகு நாடாவை இழுத்து இழுத்துக் கட்டினேன்.

“அம்மா, மூச்சு விட ஏலாமக் கிடக்கு.”

“படம் எடுக்கும் மட்டும் பொறு. பொம்பிளைப் பிள்ளையெல்லே.”

வீட்டுக்கு வந்து அவிழ்த்தபோது விலாவெல்லாம் சிவந்த வரிகள். ஏசப்போகிறாள் என்று நின்றேன். அவள் திரும்பி ஆசையோடு கேட்டாள்:

“அந்தப் பாரிஸ் படத்திலை இருக்கிற பொம்பிளை மாதிரியே இருந்தனானோ, அம்மா?”

ஓம் என்று சொல்லிவிட்டேன்.