கண் திறக்காத லட்சுமி

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை இரவு

நோட்டே, சௌக்கியமா? உன்னைத் தொட்டு வெகுநாளாகிவிட்டது. இன்று எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கைவேலைப் பந்தல் போட்டிருந்தார்கள். நானும் பலகையில் எழுதிய சாமி படங்களைப் பரப்பினேன். இன்றும் விற்காவிட்டால் கரும்பு வெட்டப் போக வேண்டும் என்பது பெண்டாட்டியின் உத்தரவு. எனக்கோ கரும்பைத் தின்னத்தான் தெரியும். உச்சிவேளை வரை ஈ மட்டும்தான் வந்தது.

வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு லட்சுமிக்குக் கண் எழுத மறந்திருந்தேன். வெட்கப்பட்டு அதைத் திருப்பி வைத்திருந்தேன். கிருமாம்பாக்கத்து அம்மா ஒருத்தி அதையே புரட்டினாள்.

"இன்னாய்யா, கண்ணு எங்க?"

"வுட்டுப்போச்சும்மா. இதோ வெச்சுத் தர்றேன்."

"ஐயோ, தொடாத! இங்க தெறந்தா சந்தை சனத்தையெல்லாம் பாத்துட்டு வரும். வெள்ளிக்கிழமை எங்க வூட்டுக்கு வந்து தெற. எங்கள மொதல்ல பாக்கட்டும்."

கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற பெண்களும் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்களுக்கும் கண்ணில்லாததா குடு!"

"இந்த முருகரு இருக்காரே, அம்மா?"

"அவரு ஊரையே பாத்துட்டாரே!"

நாலைந்து வீட்டில் புதுப் படம் எழுதி வந்து கண் திறக்க அழைப்பு, சாப்பாட்டோடு. இனி எல்லாப் படத்தையும் கண்ணில்லாமலே கொண்டுபோகப் போகிறேன். மிஞ்சிய முருகர் எதிரே இருக்கிறார். கண்ணை மட்டும் மெதுவாகச் சுரண்டினால் என்ன என்று கத்தியை எடுத்தேன்.

"யோவ், சாமி கண்ணுல கை வெக்காத! வந்து சோறு துன்னு!" என்கிறாள் பெண்டாட்டி உள்ளேயிருந்து. இவளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ!