பேட்டரி அறைச் சாவி

மயிலாப்பூர்,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் அன்புக்கரசிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் கை கால் நோகாமல் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் குவைத் வெயிலில் வாடாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ அழுவாய், நீ அழுதால் நான் வேறு மாதிரிப் பேசிவிடுவேன். அதனால்தான் உன் ஆஸ்பத்திரிக்கே திரும்புகிற ஜுவேரியா கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே கருவாட்டுப் பொடியும் இருக்கிறது, அறையில் இருக்கும் பெண்களுக்கு வாடை ஆகாது என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடு. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது, டீக்கடைப் பக்கம் போவதில்லை என்று சத்தியம் செய்கிறார், சட்டையில் டீக் கறை. தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாது.

கடையில் நடந்ததில் பாதியைத்தான் உன்னிடம் சொல்லியிருந்தேன், மீதியையும் கேள். தி.நகர் ஜவுளிக் கடையில் என் பில்லிங் செக்‌ஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை பில் கம்ப்யூட்டர்கள் நிற்காமல் இருக்க யுபிஎஸ்ஸும் அடுக்கடுக்காக பேட்டரியும் அங்கேதான் இருக்கின்றன. சூட்டில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்று விற்றவர்கள் சொன்னதால் முதலாளி அந்த அறைக்கு ஏசி போட்டுக் கொடுத்தார். மாடியில் வேலைக்காரப் பெண்கள் படுக்கிற தகரக் கொட்டகையில் ஃபேன்கூட ஒழுங்காகச் சுற்றாது. சேலை செக்‌ஷன் பெண்கள் கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது ஸ்டூல் வாங்கினார்கள். ஆய்வுக்கு ஆள் வருகிற அன்றைக்கு ஸ்டூல் வெளியே வரும், ஆள் படியிறங்கியதும் குடோனுக்குப் போய்விடும்.

பில் அடிக்கிற காகித ரோல்களும் அந்த பேட்டரி அறையில்தான் இருக்கும், சாவி என்னிடம். கால் கடுத்துப்போன பெண் என் மேஜைக்கு வந்து ரோல் தீர்ந்துவிட்டது என்பாள். நான் ஒன்றும் கேட்காமல் சாவியை நீட்டுவேன். பேட்டரி ரேக்கில் சாய்ந்து தரையில் கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டுக் கையில் ஒரு ரோலோடு திரும்பி வருவாள். என் மேஜைக்கடியில் ரோல்கள் குவிந்து கிடக்கும், சாயங்காலம் நானே அள்ளிக்கொண்டு போய்த் திரும்ப அடுக்குவேன். ஸ்வர்ணலதாதான் இதில் பெரிய கேடி. ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து பிடுங்கிச் செம்மஞ்சேரியில் கொண்டுபோய்க் கொட்டினார்களே, அந்தக் குடும்பங்களில் ஒன்றின் பெண். பஸ்ஸிலும் நின்றுகொண்டே வருகிறவள். இன்னாக்கா, இன்னிக்கு மூணாவது ரோலு, முதலாளிக்குச் செம வியாபாரம் என்று என்னிடமே நக்கலடிப்பாள்.

மேனேஜர் அய்யாதுரையை உனக்குத் தெரியும், நம் ஊர்ப் பக்கத்து ஆள், உனக்குச் சடங்கு வைத்தபோது முதல் பந்தியில் உட்கார்ந்தவர். அவர் ஒருநாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டார். பேட்டரிக்குப் போட்ட ஏசியில் இதுகள் காற்று வாங்குதா என்று கத்திவிட்டு, ஏசியைக் கழற்றித் தன் அறையில் மாட்டிக்கொண்டார். தூசி வருகிறது என்று வென்டிலேட்டரையும் அட்டை வைத்து அடைத்தார். அப்புறமும் பெண்கள் போனார்கள். காற்றுக்காகவா போனார்கள், உட்காருவதற்காகத்தானே போனார்கள். சர்வீஸ் பார்க்க வந்தவர் இரண்டு பேட்டரிக்கு வயிறு ஊதிவிட்டது, உடனே மாற்றுங்கள் என்றார். ஆடித் தள்ளுபடி முடியட்டும் என்று அய்யாதுரை சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அந்த மதியம் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஸ்வர்ணலதா உள்ளே உட்கார்ந்திருந்தாள். கரண்ட் திரும்ப வந்த கொஞ்ச நேரத்தில் உள்ளே பட்டாசு மாதிரி ஒரு சத்தம், ஊதியிருந்த பேட்டரி வெடித்துவிட்டது. ஓடிப் போனால் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறாள், ஆசிட் தாவணியெல்லாம் ஓடுகிறது. மோட்டார் போடாததால் குழாயில் தண்ணீர் இல்லை. கஸ்டமருக்கு வைத்திருந்த கேனைத் தூக்கிவந்து கண்ணில் ஊற்றினேன். எவ்வளவு நேரம் ஊற்ற வேண்டும் என்று நர்ஸான உனக்குத் தெரியும். கேன் காலியாகிவிட்டது. லிஃப்டில் வேண்டாம், ஆட்கள் பார்ப்பார்கள், பின்படி வழியாக இறக்குங்கள் என்றார் அய்யாதுரை. ஆஸ்பத்திரிக்கு அவளோடு என்னைப் போகவும் விடவில்லை, வரிசை நிற்கிறது, பில்லைப் போடு என்றார். நான் பில் போட்டேன் அரசி. கம்ப்யூட்டர் ஒன்றுகூட நிற்கவில்லை.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணை இப்போதைக்குச் சொல்ல முடியாது என்கிறார்கள். இதற்குள் கடையில் ஒரு கதை தயாராகிவிட்டது, அவள் சாவியைத் திருடிக்கொண்டு போய்த் தூங்கினாளாம், அதனால் கடைக்குப் பொறுப்பில்லையாம். தொழிலாளர் ஆபீஸிலிருந்து விசாரிக்க வருவதற்கு முன்னால் அய்யாதுரை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நம் ஏசி அங்கே ஜில்லென்று ஓடுகிறது. “இந்தா பாரு சுந்தரவல்லி, சாவி மேஜை மேல கெடந்துச்சு, அவ எடுத்துட்டுப் போயிட்டா. அவ்வளவுதான் நீ சொல்லணும். நம்ம ஆளுக நமக்குள்ள விட்டுக்கொடுக்கக் கூடாதுல்லா” என்றார். யார் நம்ம ஆள் என்று கேட்க நாக்கு வரை வந்தது. அன்றைக்கு உன்னிடம் போனில் சொன்னதற்கு, வாயை மூடிக்கொண்டு இரும்மா, டிசம்பரில் நான் வருகிறவரை மட்டும் இரு என்றாய். உன்மேல் தப்பில்லை. அந்த ஆஸ்பத்திரியில் உன்னை எப்படிப் பிழிகிறார்கள் என்று ஜுவேரியா சொன்னாள். என் சம்பளத்தை நம்பித்தான் நீ வேலையை விட்டுவிட்டு வருவதாக இருந்தாய்.

மறுநாள் ஸ்வர்ணலதாவின் அம்மா தாயம்மா நம் வீட்டைத் தேடி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்று, “துட்டு கெட்ச்சா கெடைக்கட்டும், இல்லாங்காட்டி போவட்டும்க்கா. எம்பொண்ணு திருடி இல்லன்னு நீ ஒரு வார்த்த சொல்லு” என்றாள். அப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி முன்னால் நான் சொல்லிவிட்டேன். சாவியை நான்தான் கொடுத்தேன், ஒரு நாள் இல்லை, எல்லா நாளும் கொடுத்தேன், இந்தக் கடையில் உட்கார வேறு இடம் கிடையாது என்றேன். பேட்டரி ஊதியிருக்கிறது என்று சொல்லியும் மாற்றாமல் விட்டதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மறுநாள் காவலாளி என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். இப்போது கடைக்காரர்கள் கதையை மாற்றிவிட்டார்கள். அனுமதி இல்லாமல் ஆட்களை உள்ளே விட்டு விபத்துக்குக் காரணமானவள் நான்தானாம், போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அறைக்குப் புது பேட்டரி, புது ஏசி, இரட்டைப் பூட்டு எல்லாம் வந்துவிட்டதாகக் கூட வேலை செய்த வைதேகி சொன்னாள். ஸ்டூல் வரவில்லை. நான் சொன்னதால் ஸ்வர்ணலதாவுக்கு நஷ்டஈடு வருமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வருஷக்கணக்கில் இழுப்பார்கள் என்கிறார்கள். திருடி என்ற பேச்சு மட்டும் நின்றிருக்கிறது.

இனி உன்னிடம் சொல்ல வேண்டியது. டிசம்பரில் நீ வர முடியாது அரசி. வாடகையும் அப்பாவின் மருந்தும் உன் தலையில் விழுந்துவிட்டது. இன்னும் எவ்வளவு காலம் அங்கே கிடக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேறு கடைகளில் கேட்டுப் பார்க்கிறேன், இந்தத் தெருவில் முதலாளிகள் ஒருவருக்கொருவர் போன் போட்டுக்கொள்கிறவர்கள். உன்னைக் கேட்காமல் உன் வாழ்க்கையில் கை வைத்தேன். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை. கோபம் வந்தால் திட்டு, போன் போட்டே திட்டு, எடுக்கிறேன்.

எந்தக் கெடுதலும் உன்னை அண்டாமல் கபாலீஸ்வரர் பார்த்துக்கொள்ளட்டும், நல்ல மனிதர்கள் உன் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்றை மறக்காதே, ஊருக்கு வர எடுத்து வைத்த டிக்கெட்டை இந்த வாரமே ரத்து செய்துவிடு, தள்ளிப்போட்டால் அந்தப் பணமும் திரும்ப வராது.

உன் அம்மா,
சுந்தரவல்லி.