சத்தியவேட்டு மேடையில் நீ விடாத வாக்கியம்

கல்லூரி விடுதி ஜன்னல்களுக்கெல்லாம் இன்று வெளிச்சம் வெளியே தெரியாதபடி கறுப்புத் தாள் ஒட்டினார்கள். மைதாப் பசையின் வாடை வராந்தாவை விட்டுப் போகவில்லை. மூன்று வருடத்துக்குள் மறுபடியும் ஒரு யுத்தம். சீன யுத்தத்தின்போது கூட்ட நோட்டீசு ஒட்டிய கையோடு என் அறைக்கு வந்தாயே, அன்று உன்மேல் இருந்ததும் இதே வாடைதான்.

சத்தியவேடு ஆந்திரத்தோடு சேர்ந்து அப்போது அதிக நாளாகவில்லை. அங்கே யுத்த நிதி திரட்ட வரும் அமைச்சர் தெலுங்கில் பேசுவார். கூட்டமோ தமிழ்க் கூட்டம். பக்கத்து வரதய்யபாளையத்துப் பெண், திருப்பதிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் என்று மொழிபெயர்க்க உன்னை அழைத்திருந்தார்கள். போர்முனையிலிருந்த உன் தம்பியிடமிருந்து வெகுநாளாகக் கடிதம் இல்லை.

“நகை கேக்கத்தான் வர்றாரு. வளையலைக் கழட்டி வச்சிட்டுப் போ” என்றேன்.

“கண்ணாடி வளையல்டி. கேட்டா தாராளமா குடுத்துடுவேன்.”

நகைதான் கேட்டார். நீ ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாய். பிறகு அவர் கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டுப் பேசினார். கடைசிவரை போரிடுவோம், ஆனால் நம் ஊர்களில் கடை வைத்திருக்கும் சீனர்மேல் கை வைப்பவன் நம் சிப்பாய்க்கே துரோகி என்றார். தெலுங்கு புரிந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

முன்வரிசையில் உங்கள் ஊர்க்காரர் எழுந்தார். “இன்னாம்மா யோசிச்சிக்கினு கீறே? உன் தம்பி அங்க இன்னா ஆனானோ! அத்த மட்டும் தமிழ்ல சொல்லாதே, உட்டுடு.”

அமைச்சருக்குத் தமிழ் தெரியாது. நீ விட்டிருந்தாலும் அவர் அறிந்திருக்க மாட்டார். நீ மைக்கை உன் பக்கம் இழுத்து, ஒரு சொல் குறையாமல் சொன்னாய். பிறகு அந்த ஊர்க்காரரைப் பார்த்து, “இது அவரு சொன்னது மட்டும் இல்லண்ணா. அவன் அக்கா நானும் சொல்றேன்” என்றாய்.

ஒருவரும் கைதட்டவில்லை. தம்பி திரும்பி வரவும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்த அதே மனிதர், “இப்பவும் அதையேதான் சொல்வியா?” என்று கேட்டார்.

“இப்பத்தாண்ணா கெட்டியா சொல்லணும்.”

அமைச்சர் தன் பேச்சைத் தானே நம்பினாரா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான். உன்னிடம் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

மாணவிகள் போட இருக்கும் நாடகத்தின் ஒத்திகையை நேற்று பார்த்தேன். எதிரி நாட்டில் ஒரு குழந்தைகூட மிஞ்சக் கூடாது என்று ஒரு வசனம் வந்தது. எடுத்துவிடச் சொன்னேன்.

“மேடம், மீரு எவரி பட்சம்?” என்றாள் ஒருத்தி.

யார் பக்கம் என்ற கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்பவள் இல்லை என்று உனக்குத் தெரியும். நேற்று சொன்னேன்: “நம்ம சிப்பாய்ங்க பக்கம். அதனாலதான் எடுக்கச் சொல்றேன்.”

விஷயம் கல்லூரி முதல்வர்வரை போயிருக்கிறது. நாளைக் காலை விளக்கம் சொல்ல வரும்படி ஆள் அனுப்பியிருக்கிறார். போவேன். ஒரு சொல்லையும் குறைக்க மாட்டேன்.